முதுகைப் பார்த்துக் கற்ற ஏழாம் நம்பர்

போன மாதம் எங்கள் கராத்தே பள்ளியின் விழுப்புரம் வகுப்பிலிருந்து இளம் பயிற்றுநர் ஒருவர் போன் செய்தார். புதிதாக வந்து சேர்ந்த பெண் ஒருத்தி, போனில் வீடியோ பார்த்தே ஒரு கட்டாவை முழுதாகக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாளாம். கட்டா என்பது, எதிரில் ஆள் இருப்பதாக நினைத்துக்கொண்டு, வரிசை மாறாமல் தனியாகச் செய்கிற தடுப்பும் குத்தும் உதையும். அந்தப் பெண் ஒரு அசைவு விடாமல் செய்கிறாள். ஆனால் எல்லாம் பக்கம் மாறி. இடது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் வலது பக்கம், வலது கையால் தடுக்க வேண்டிய இடத்தில் இடது கை.

"எதுருல நின்னு பண்றவங்கள அப்பிடியே பாத்துப் பண்ணிக்கினு இருக்கா சார். இந்த போனால ஒரே பேஜாரு. உங்க காலத்துல இப்பிடிலாம் உண்டா?" என்று கேட்டார்.

"உண்டு. திண்டிவனத்துல ஒரு பேட்ச்சே பண்ணிச்சு. சொல்லிக் குடுத்தது நான்தான்," என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். பிறகு, "சார், அத எழுதிக் குடுங்க. கிளாஸ்ல படிச்சிக் காட்டறோம்," என்றார். முட்டியில் ஆபரேஷன் செய்துகொண்டு, ஓய்வு பெற்று, வீட்டில் உட்கார்ந்து ஒரு வருடம் ஆகிறது. பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டால் எனக்கும் வேறு வேலை இல்லை. எழுதிவிட்டேன். சிரித்துக்கொண்டே படித்தாலும் எனக்கு வருத்தம் கிடையாது.

என் பெயர் ஏழுமலை. எனக்குக் கராத்தே சொல்லிக் கொடுத்தவர் விழுப்புரத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த தனசேகரன் மாஸ்டர். பகலெல்லாம் கேட்டும் கிரில்லும் அடிப்பார். சாயங்காலம் ஆறு மணிக்குக் குளித்து, வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு வந்து நின்றால், அதே ஆளா என்று இருக்கும். கண் மட்டும் எப்போதும் சிவந்திருக்கும். புதிதாகச் சேர்ந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு மாஸ்டர் கோபக்காரர் என்று நடுங்குவார்கள். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

எங்கள் கிளாஸ் நடந்தது ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். முகூர்த்தம் இல்லாத நாட்களில் கூடம் எங்களுக்கு, முகூர்த்த நாட்களில் பின்பக்கம் கல்யாணச் சமையலுக்கான கோட்டை அடுப்புகள் இருக்கிற முற்றம். முதல் நாள் கல்யாணம் நடந்திருந்தால் தரை பாயசத்தில் பிசுபிசு என்று இருக்கும். அதைத் துடைத்தால்தான் கிளாஸ். துடைப்பது யார் என்றால், மற்ற இடங்களில் புதிதாக வந்தவர்கள். எங்கள் பள்ளியில் பெரிய பெல்ட் போட்டவர்கள். மாஸ்டர் இருந்தால் மாஸ்டர்தான் முதல் வாளியைத் தூக்குவார். வெள்ளை பெல்ட் போட்டவர்கள் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அது துடைப்பதைவிடக் கஷ்டமாக இருக்கும்.

செருப்பை வாசலில் கழற்றி, முனை வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி வைக்க வேண்டும். வாசற்படியில் நின்று வெறும் கூடத்துக்கு ஒரு வணக்கம். உட்காரும்போது இடது முட்டி முதலில் தரையைத் தொட வேண்டும், எழும்போது வலது கால் முதலில் ஊன்ற வேண்டும். எந்தக் கட்டாவை எடுத்தாலும் முதல் அசைவு தடுப்புதான், அடி கிடையாது. "அவன் அடிச்சாத்தான் உனுக்கு வேலயே ஆரம்பிக்குது. அடிக்கலன்னா ஊட்டுக்குப் போயி சாப்டு," என்பார் மாஸ்டர். பள்ளியின் கொள்கை என்று எங்களுக்குத் தனியாக யாரும் பாடம் நடத்தவில்லை. இவ்வளவுதான் கொள்கை.

இன்னும் இரண்டு வழக்கங்களைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவது அப்போதுதான் புரியும்.

வரிசையில் நாங்கள் பெல்ட் வாரியாக நிற்போம். வலது கோடியில் கருப்பு, இடது கோடியில் வெள்ளை. அந்த இடது கோடிக்கு வால் என்று பெயர். யாராவது கவனக்குறைவாகத் தப்புச் செய்தால், எந்த பெல்ட்டாக இருந்தாலும், போய் வாலில் நின்று திரும்பச் செய்ய வேண்டும். ஆனால் போ என்று மாஸ்டர் சொல்ல மாட்டார். வேறு யாரும் சொல்லக் கூடாது. தப்புச் செய்தது அவரவருக்குத் தெரியும், அவரவர் கால்தான் போக வேண்டும். போய் நின்றதும் மாஸ்டர் சொல்வது இரண்டே சொல். "இன்னொரு தபா."

அடுத்தது, கட்டா சொல்லிக் கொடுக்கும்போது மாஸ்டர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பார். அவர் இடது என்றால் எங்களுக்கும் இடது. பின்னால் நிற்கிற நாங்கள் அவர் முதுகைப் பார்த்தே செய்ய வேண்டும். "மூஞ்சியப் பாத்தா நான் சிரிக்கிறனா மொறைக்கிறனான்னு பாத்துக்கினு இருப்ப. முதுகப் பாரு, வேலய மட்டும் பாப்ப," என்பார்.

ஒரே ஒரு முறை அவரால் அப்படி நிற்க முடியவில்லை. அப்போது நான் கருப்பு பெல்ட்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். பட்டறையில் ஒரு இரும்பு கேட் சரிந்து மாஸ்டரின் கணுக்கால் உடைந்துவிட்டது. மூன்று மாதம் மாவுக்கட்டு. ஸ்டூல் போட்டு என் எதிரில் உட்கார்ந்து, கையால் மட்டும் காட்டி, கடைசிக் கட்டாவை எனக்குச் சொல்லிக் கொடுத்தார். கட்டாக்களுக்கு ஜப்பானியப் பெயர்கள் உண்டு, எங்கள் வாயில் நுழையாததால் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவோம். இது ஏழாம் நம்பர், கருப்பு பெல்ட்டுக்குப் போகிறவர்களுக்கு மட்டும். அவர் இடது கையை ஓங்கினால், எதிரில் இருந்த நான் அதே பக்கத்தில் இருக்கிற என் வலது கையை ஓங்கினேன். அவருக்கு அது கண்ணாடியில் தன்னையே பார்த்த மாதிரி இருந்திருக்க வேண்டும், வித்தியாசம் தெரியவில்லை. எனக்கும் அதைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு அறிவில்லை. என்னுடைய தேர்வில் சீட்டுக் குலுக்கியபோது ஐந்தாம் நம்பர் வந்தது. செய்தேன், கருப்பு பெல்ட் வாங்கினேன். மாஸ்டர் என்னைத் திண்டிவனத்துக்கு அனுப்பி, கிளை ஆரம்பிக்கச் சொன்னார்.

திண்டிவனத்தில் என்னிடம் வந்து சேர்ந்தவர்களில் ஒருத்தி எஸ்தர். பிரம்மதேசம் பக்கம் ஊர். அப்பா இல்லை. அம்மா ஆரோக்கியம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நடுவார், வேர்க்கடலைச் செடியிலிருந்து மல்லாட்டை ஆய்வார். எஸ்தர் வரும்போதே பன்னிரண்டாவது முடித்தவள். சாயங்காலம் இரண்டு பஸ் பிடித்து வந்து, கடைசி பஸ்ஸில் திரும்புவாள். நான்கு வருடத்தில், கருப்புக்கு முந்தின பழுப்பு பெல்ட் வரைக்கும் ஒரு தேர்விலும் தவறவில்லை. அவளுடைய ஏழாம் நம்பரை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன், அவ்வளவு சுத்தமாக இருக்கும். என் பெருமையை என்னவென்று சொல்வது.

அந்த வருடம் திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குக் கராத்தே ஆரம்பிப்பதாக இருந்தார்கள். பெண் பயிற்றுநர் வேண்டும், கருப்பு பெல்ட் சான்றிதழ் வேண்டும், ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது கையில் இருக்க வேண்டும் என்றார்கள். எஸ்தர் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அவர்களுக்கு அவளைப் பிடித்துவிட்டது. மே மாதக் கடைசி ஞாயிறு விழுப்புரத்தில் தேர்வு. அதில் தேறிவிட்டால் வேலை. தவறினால் அடுத்த தேர்வு ஆறு மாதம் கழித்துத்தான்.

தேர்வு நாளில் மேசைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மாஸ்டர், இரண்டு பக்கமும் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர்கள். கிளைப் பயிற்றுநர்கள் சுவரோரம் பெஞ்சில் உட்கார வேண்டும், வாய் திறக்கக் கூடாது, கண் ஜாடைகூடக் கூடாது. பெற்றவர்கள் எதிர்ச் சுவரோரம். ஆரோக்கியம் அக்காவும் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தடுப்பு, உதை, ஜோடிச் சண்டை எல்லாவற்றிலும் எஸ்தர் வெளுத்து வாங்கினாள். கடைசியில் கட்டா. டம்ளரிலிருந்து சீட்டை அவளே எடுத்தாள். ஏழு. எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். அவள் வணங்கிவிட்டு, கட்டாவின் நம்பரைச் சத்தமாகச் சொல்லிவிட்டு, முதல் தடுப்புக்கு வலது பக்கம் திரும்பினாள்.

வெளியூர்த் தேர்வாளரில் மூத்தவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். மற்றவர் அவரைப் பார்த்தார். எஸ்தர் எதையும் கவனிக்காமல் முழுதும் செய்து முடித்து, தொடங்கிய இடத்திலேயே வந்து நின்றாள். மூச்சுகூட வாங்கவில்லை. பெஞ்சில் இருந்த என் கை என்னை அறியாமல் மாஸ்டரின் ஸ்டூலையும் மாவுக்கட்டையும் நினைத்துக்கொண்டு காற்றில் அசைந்தது. இடது, வலது. எனக்குப் புரிந்துவிட்டது.

"மொத்தமா பக்கம் மாறி இருக்குதே. இப்பிடி யார் சொல்லிக் குடுத்தது?" என்று மூத்த தேர்வாளர் கேட்டார்.

எஸ்தர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு விநாடி இருக்கும். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது.

"நான்தான் சார் மாத்திப் போட்டுட்டேன்," என்றாள்.

நான் எழுந்திருக்கவில்லை. வாய் திறக்கக் கூடாது என்ற விதி இருக்கிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விதி நல்ல சமயத்தில் கைகொடுத்தது. மூத்த தேர்வாளர் தாளில் எழுதினார். அவள் வணங்கிவிட்டு, தானாகவே போய் வாலில் நின்றாள். பழுப்பு பெல்ட்டோடு, வெள்ளை பெல்ட் சின்னப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில்.

சாப்பாட்டு இடைவேளை விட்டார்கள். அதே கூடத்தில் பந்தி போட்டார்கள். என் இலையில் சாம்பார் சாதம் ஆறிப்போய்க் கிடந்தது. நேராகச் சொல்லிவிடுகிறேன், நான் நினைத்தது எஸ்தரை இல்லை, என்னைத்தான். இத்தனை பெற்றவர்கள் எதிரில், தப்பாகச் சொல்லிக் கொடுத்த வாத்தியார் என்று பெயர் வாங்கினால் திண்டிவனத்தில் கிளையை இழுத்து மூடிவிட வேண்டியதுதான். எதிர்ப் பந்தியில் ஆரோக்கியம் அக்கா மகளின் இலையில் தன் அப்பளத்தை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பந்தி முடிந்து, தரை துடைத்து, எல்லாரும் வரிசைக்கு வந்தார்கள். நான் பெஞ்சிலிருந்து எழுந்தேன். நடந்து போய் வாலில், எஸ்தருக்கும் அந்தப் பக்கம் போய் நின்றேன்.

"இன்னா ஏழுமல?" என்றார் மாஸ்டர்.

"அந்தப் பொண்ணு மாத்திப் போடல மாஸ்டர். நான் சொல்லிக் குடுத்தா மாதிரியேதான் பண்ணா. நான் கத்துக்கினதே தப்பு."

மாஸ்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய இடது கை மேசைக்கு மேல் கொஞ்சம் உயர்ந்தது, அப்படியே நின்றது. ஸ்டூல் அவருக்கும் ஞாபகம் வந்துவிட்டது என்று தெரிந்தது.

"இரும்பு கேட்டு வுழுந்தப்ப," என்றார்.

"ஆமா மாஸ்டர்."

அவர் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தார். சரிந்த கேட்டுக்குப் பிறகு அவர் நடை கொஞ்சம் சாய்வுதான். எனக்கும் அந்தப் பக்கம், சுவரை ஒட்டி, வரிசையின் கடைசியில் போய் நின்றார். வெளியூர்த் தேர்வாளர்கள் இரண்டு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். பெற்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பேருலயே ஏழ வெச்சிக்கினு ஏழாம் நம்பர உட்டுட்டியேடா," என்று என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

பிறகு அங்கிருந்தே பேசினார். தப்பு முதலில் தன்னுடையது, பிறகு என்னுடையது, அந்தப் பெண்ணுடையது இல்லை என்றார். மூத்த தேர்வாளர் யோசித்தார். அவர் கெட்டவர் இல்லை, விதிக்காரர். "இன்னிக்கே, சரியான பக்கம் செஞ்சு காட்டட்டும். அர மணி நேரம் தர்றேன். ஒரு திருப்பம் மாறினாலும் ஆறு மாசம்தான். இதுக்கு மேல எறங்கி வர முடியாதுங்க," என்றார்.

பின்பக்க முற்றத்துக்குப் போனோம். அடுப்பு இன்னும் கனன்றுகொண்டிருந்தது. மாஸ்டர் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். பின்னால் நானும் எஸ்தரும் பக்கத்தில் பக்கத்தில். கராத்தே தெரியாதவர்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லிப் புரியவைக்க முடியாது. வலது கையால் எழுதுகிறவரிடம் அரை மணி நேரத்தில் இடது கையால் பரீட்சை எழுதச் சொன்ன மாதிரி. புதிதாகக் கற்பது சுலபம். ஆயிரம் தடவை செய்ததை அழிப்பது நடக்கிற காரியமா. என் கால் நாலாவது அசைவிலேயே பின்னிக்கொண்டது. எஸ்தர் என்னைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டாள். மாஸ்டர் திரும்பிப் பார்க்கவேயில்லை. சத்தத்தை வைத்தே கண்டுபிடித்து, "இன்னொரு தபா, இன்னொரு தபா," என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அரை மணி நேரம் கழித்து அவள் கூடத்தின் நடுவில் நின்றாள். முதல் தடுப்பு, இடது பக்கம். சரி. இரண்டாவது வரிசை சரி. கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு முழுத் திருப்பம் வரும். அங்கே அவள் உடம்பு பழைய பக்கம் போய்விட்டது. போனது தெரிந்த உடனே நின்றுவிட்டாள். சமாளித்துக்கொண்டு மேலே போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவள் காலைச் சேர்த்து வைத்து வணங்கிவிட்டு, "மாறிடுச்சி சார்," என்றாள்.

தவறிவிட்டாள்.

வெளியே வரும்போது ஆரோக்கியம் அக்கா என்னை நிறுத்தினார். "தப்பு உங்களுதுன்னு நாலு பேர் எதுருல சொன்னீங்க சார். அது சரி. எம்பொண்ணுக்கு அந்த எடம் கெடைக்குமா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

மறுநாளே அந்தப் பள்ளிக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்கள். காபி கொடுத்தார்கள். ஜூன் மாதம் வேறொரு பெண்ணை வைத்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பருவம் முழுவதும் எஸ்தர் பகலில் அம்மாவோடு மல்லாட்டை ஆய்ந்துவிட்டு, நகக்கண்ணெல்லாம் செம்மண்ணோடு சாயங்காலம் கிளாஸுக்கு வந்தாள். அந்த விரல்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கும்.

கிளையை மூட வேண்டி வரவில்லை. இரண்டு பேர் விலகினார்கள், ஐந்து பேர் சேர்ந்தார்கள். தன் தப்பைச் சொன்ன வாத்தியார் என்று ஒருவர் தன் பெண்கள் இரண்டு பேரையும் கொண்டுவந்து விட்டார். எனக்குச் சிரிப்பாக இருந்தது.

ஆனால் ஏழாம் நம்பர் விஷயத்தில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். எஸ்தருக்கு இரண்டே வாரத்தில் சரியான பக்கம் வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. அதனால் ஏழாம் நம்பர் செய்கிற நாட்களில் அவள் முன்னால் முதுகைக் காட்டி நிற்பாள், நான் வாலில் நின்று அவளைப் பார்த்துச் செய்வேன். முதலில் அவளுக்குக் கூச்சம். "நீங்க முன்னாடி வாங்க சார், எனுக்கு ஒரு மாதிரி இருக்குது," என்றாள். மாஸ்டர் ஒருநாள் திண்டிவனம் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறினார். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றால் சரி என்று அர்த்தம். ஏழாம் நம்பரை நான் ஒழுங்காகக் கற்றது எஸ்தரின் முதுகைப் பார்த்துத்தான். எனக்கு நாலு மாதம் ஆயிற்று.

அடுத்த தேர்வில் அவளுக்குச் சீட்டில் மூன்றாம் நம்பர் வந்தது. செய்து முடித்துவிட்டு, ஏழாம் நம்பரையும் செய்யட்டுமா என்று அவளே கேட்டாள். அதே மூத்த தேர்வாளர் தலையசைத்தார். சரியான பக்கம் ஒரு முறை செய்தாள், நின்று வணங்கினாள், அடுத்து மாறின பக்கமும் ஒரு முறை செய்தாள். இரண்டும் ஒரே நேர்த்தி. அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார். அதற்குப் பிறகு திண்டிவனத்தில் எல்லாக் கட்டாவையும் இரண்டு பக்கமும் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தோம், பிறகு விழுப்புரத்திலும். ஒரு பக்கம் மட்டும் பழகிய இடுப்புக்கு அது நல்லது. இது ஏதோ பெரிய ஜப்பானிய ரகசியம் என்று இப்போது சில இளம் பயிற்றுநர்கள் பெற்றவர்களிடம் அளக்கிறார்கள். அளக்கட்டும்.

அடுத்த வருடம் எஸ்தருக்கு வேறொரு பள்ளியில் வேலை கிடைத்தது. கல்யாணம், இரண்டு பிள்ளைகள். மாஸ்டர் போய்ச் சேர்ந்துவிட்டார். போன வருடம் முட்டி என்னைக் கைவிட்டபோது கிளையை எஸ்தரிடம் ஒப்படைத்தேன். இப்போது தேர்வு மேசையில் நடு நாற்காலி அவளுடையது. யாராவது ஏழாம் நம்பரைச் செய்யும்போது அவள் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

சாவியைக் கொடுத்த அன்று இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். இத்தனை வருடமும் கேட்காததைக் கேட்டேன்.

"அன்னிக்கி ஏன் உம்மேல போட்டுக்கின?"

"வாலுக்கு யாரும் யாரையும் அனுப்பக் கூடாதுல்ல சார். நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க. நீங்களா வருவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன். பந்தி முடியற வரிக்கும் ஆவும்னு நெனைக்கல," என்று சிரித்தாள்.

"நான் வராமலே இருந்திருந்தா?"

சிரிப்பு நின்றுவிட்டது. டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கராத்தேவ உட்டிருப்பேன் சார். பெல்ட்டு போச்சேன்னு இல்ல. வேல போச்சேன்னும் இல்ல. சொல்றது ஒண்ணு, பண்றது ஒண்ணுன்னா, அதுக்கு எதுக்கு நான் ரெண்டு பஸ் ஏறி வரணும்?"

அந்தச் சாப்பாட்டு நேரம் முழுவதும் என் பெயர், என் கிளை என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, எதிர்ப் பந்தியில் ஒருத்தி தலை குனிந்து சாப்பிட்டபடி, இந்த மனுஷன் எழுந்திருப்பாரா என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன். தாமதமாகவாவது எழுந்தேன் என்பதில் அதற்கடுத்து ஒரு நிம்மதி வருகிறது, அந்த நிம்மதியோடுதான் இப்போது மத்தியானம் படுத்துத் தூங்குகிறேன்.